ஹவர் மீட்டர் 412.6 முதல்: அரிசோனாவில் ஒரு மோட்டார்ஹோம் வாரம்

முதல் நாள், சனி. சாண்ட்லர் – க்வார்ட்ஸைட். ஹவர் மீட்டர் 412.6

மகளுக்கு வசந்த விடுமுறை ஒரு வாரம். காலை எட்டு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம், பத்தரை ஆகிவிட்டது. ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றாமல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. அது மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுவதுதான் ஹவர் மீட்டர்.

எங்கள் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி, 2006 மாடல், 36 அடி நீளம், பின்புறம் டீசல் என்ஜின். முன்பக்க முகப்புக்குப் பின்னால், இழுத்தால் வெளியே வரும் தட்டில் ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. மூன்று சிலிண்டர் டீசல், 8 கிலோவாட், வண்டி ஓடும் அதே டாங்கிலிருந்துதான் அதற்கும் டீசல். மின் இணைப்பு உள்ள முகாம்களில் மட்டுமே தங்குகிறவர்களுக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. நாங்கள் போவது பாலைவனத்துக்கும் காட்டுக்கும். அங்கே ஏசி, மைக்ரோவேவ், பேட்டரி சார்ஜர் எல்லாமே இதை நம்பித்தான்.

கையேட்டின்படி 150 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். போன வருடம் முழுக்க நாங்கள் ஓட்டியது 31 மணி நேரம்தான். "முப்பத்தொரு மணி நேரத்துக்கா ஆயில் மாத்தணும்?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஓடாமல் நின்றாலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும், அது பேரிங்கைத் தின்னும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, பழையதை வடித்து, புது ஃபில்டரும் 15டபிள்யூ-40 ஆயிலும் போட்டேன். சூடாக இருக்கும்போது வடித்தால்தான் கசடும் சேர்ந்து வெளியே வரும். தேதியையும் மீட்டர் எண்ணையும் மனைவி நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த நோட்டு அவள் பொறுப்பு, அவள் இல்லாவிட்டால் எனக்கு எதுவும் நினைவிருக்காது.

மேற்கே ஐ-10 நெடுஞ்சாலையில் சுமார் 150 மைல். க்வார்ட்ஸைட் ஒரு சிறிய பாலைவன ஊர். ஆனால் குளிர்காலத்தில் நாடு முழுவதிலிருந்தும் மோட்டார்ஹோம்கள் வந்து குவியும். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கலாம். 1983இல் தொடங்கிய ஏற்பாடு. மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் சரளைக்கல்லும் புதரும்.

ஊரில் ஹை ஜாலியின் கல்லறையைப் பார்த்தோம். உண்மைப் பெயர் ஹாஜி அலி. அமெரிக்க ராணுவம் இந்தப் பாலைவனத்தில் ஒட்டகங்களை வைத்துச் சுமை ஏற்றிப் பார்த்த காலத்தில் அவற்றை நடத்த வந்தவர், 1902இல் இங்கேயே இறந்தார். கல்லால் கட்டிய சிறு பிரமிடு, உச்சியில் ஓர் ஒட்டகம். மகள் நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

மாலை நாலு மணிக்கு உள்ளே 33 டிகிரி. ஜெனரேட்டரைப் போட்டு, சில நிமிடம் லோடு இல்லாமல், அதாவது மின்சாரம் இழுக்கும் எதையும் போடாமல் ஓடவிட்டு, இரண்டு ரூஃப் ஏசிகளையும் போட்டோம். நாற்பது நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் சத்தம் மாறியது, மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கி, நின்றேவிட்டது. சுவிட்சில் உள்ள விளக்கு மூன்று முறை, சற்று இடைவெளி விட்டு ஆறு முறை மின்னியது. 36. என்ஜின் தானாக நின்றுவிட்டது, காரணம் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சூடு அதிகமானாலோ ஆயில் அழுத்தம் குறைந்தாலோ வேறு எண் வரும். 36 வந்தால் பெரும்பாலும் டீசலோ காற்றோதான். டாங்கில் முக்கால் அளவு இருக்கிறது. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன், நாளை காலை மாற்றிவிடுவேன்.

இரண்டாம் நாள், ஞாயிறு. க்வார்ட்ஸைட். ஹவர் மீட்டர் 413.3

கோளாறு ஃபில்டரில் இல்லை.

காலையில் முதல் வேலையாக ஜெனரேட்டரின் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். பேட்டரி குறைந்தால் ஜெனரேட்டரைத் தானாகவே ஸ்டார்ட் செய்யும் வசதி எங்கள் வண்டியில் உண்டு. கை உள்ளே இருக்கும்போது அது கிளம்பினால் விரல் போய்விடும். இதை மறக்கவே கூடாது.

ஃபில்டரை மாற்றி, ஸ்டாப் பொத்தானை அழுத்திப் பிடித்து, டீசல் பம்ப் ஓடி உள்ளே இருந்த காற்று வெளியேறும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்தேன். இருபத்தைந்து நிமிடம் ஓடிற்று. மறுபடி மூச்சு வாங்கி நின்றது. கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் சுத்தமாகவே இருந்தது.

இந்த முறை மகளுக்கும் வேலை கொடுத்திருந்தேன். பிளக்கில் செருகினால் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கிறது. இந்த ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றினால் சரியாக 60 ஹெர்ட்ஸ் வரும், சுற்று குறைந்தால் ஹெர்ட்ஸும் குறையும். என்ஜினுக்கு நாடி பார்ப்பது போலத்தான். "அறுபது... அறுபது... அம்பத்தெட்டு... அறுபது... அம்பத்தாறு அப்பா, அம்பத்தாறு!" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள். கொஞ்ச நேரத்தில் நின்றது. மின்சாரப் பக்கம் கோளாறு என்றால் இப்படி அலையாமல் பட்டென்று நிற்கும். இப்படி ஏறி இறங்கி நிற்பது டீசல் சரியாகப் போய்ச் சேராததன் அடையாளம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வண்டிக்காரர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வடக்கு டகோட்டாவில் விவசாயம் பார்த்தவர், டிராக்டரோடு வாழ்ந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க டாங்கை விட்டுட்டு, வேற டீசல்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

அதுதான் சரியான கேள்வி. அவரிடமிருந்த ஐந்து கேலன் கேனில் டீசலை எடுத்துக்கொண்டு, ஜெனரேட்டருக்குப் போகும் குழாயைக் கேனில் விட்டோம். திரும்பி வரும் குழாயையும் அதே கேனில் விட வேண்டும் என்று அவர் சொன்னது முக்கியம். டீசல் என்ஜினுக்குத் தேவைக்கு மேல் டீசல் போய், மிச்சம் டாங்குக்குத் திரும்பும். திரும்பும் குழாயை மாற்ற மறந்தால் கேன் காலியாகி வண்டியின் டாங்க் நிறைந்துகொண்டிருக்கும். இரண்டு ஏசியும் ஓட, ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆடாமல் அசையாமல் 60 ஹெர்ட்ஸ். அப்படியானால் ஜெனரேட்டர் நன்றாகவே இருக்கிறது, டாங்குக்கும் அதற்கும் நடுவில்தான் கோளாறு.

அடுத்தது அவருடைய இரண்டாவது யோசனை. ஒரு முழ நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாயை டீசல் லைனில் நடுவே செருகி மறுபடி டாங்கிலிருந்து ஓட்டினோம். குழாயில் டீசலோடு குமிழ்கள் வரிசையாக வந்தன. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கிணற்றடியில் ஆயில் என்ஜின் நின்றுபோனால் பெரியவர்கள் சொல்லும் அதே நோய்தான்: ஏர் பிடிச்சிருச்சு.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, நானும் ஏமாந்திருந்தேன். லைனில் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகும், கீழே ஈரம் தெரியும் என்று தேடிக்கொண்டிருந்தேன். டாங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பார்வைக்கு எல்லாம் உலர்ந்து சுத்தமாக இருக்கும்.

விரிசல் கிடைத்தது. ஜெனரேட்டர் தட்டை வெளியே இழுத்து உள்ளே தள்ளும்போதெல்லாம் வளைகிற இடத்தில், ரப்பர் குழாயின் அடிப்பக்கம். கையால் வளைத்தால் முடி அளவு கோடுகள் திறந்தன. 2006இல் போட்ட குழாய். போன கோடையில் ஐந்து மாதம் வண்டி நிறுத்துமிடத்தில் 45 டிகிரி வெயிலில் நான் ஒருமுறைகூட வந்து பார்க்காமல் கிடந்தது. ஜெனரேட்டர் அதிகம் ஓடியதால் வந்த பழுது அல்ல இது. 412 மணி நேரம் என்பது இந்த என்ஜினுக்கு ஒன்றுமே இல்லை. ஓட்டாமல், பார்க்காமல் வைத்திருந்ததால் வந்தது.

ஊரில் உதிரிபாகக் கடை திறந்திருந்தது. டீசலுக்கான 3/8 அங்குலக் குழாய் எட்டு அடியும், திருகு வைத்த கிளாம்ப் நான்கும் வாங்கினேன். தண்ணீர்க் குழாயோ சாதாரண ரப்பரோ இதற்கு ஆகாது, டீசலில் ஊறி உப்பிவிடும். போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையுமே மாற்றினேன், ஒன்றின் வயதுதானே மற்றதற்கும். தட்டை முழுதாக இழுத்தாலும் இழுபடாத அளவு தளர்வு விட்டுக் கட்டினோம்.

அந்தப் பெரியவர் எதுவும் வாங்க மறுத்துவிட்டார். இரவு மனைவி சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அவருடைய கேனில் செலவான டீசலை நாளை ஊரில் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள், திங்கள். க்வார்ட்ஸைட் – லேக் ஹவாசு. ஹவர் மீட்டர் 415.4

வண்டி ஓடும்போதும் ஜெனரேட்டரை ஓட்டலாம். இவ்வளவு பெரிய கண்ணாடி முகப்புக்கு டாஷ்போர்டு ஏசி போதாது. அதனால் கிளம்பியது முதல் ஹவாசு வரை வழியெல்லாம் ஜெனரேட்டர் ஓடியது, நிறுத்தங்களையும் சேர்த்து இரண்டு மணி நேரம். மகள் மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 59க்குக் கீழே ஒருமுறைகூடப் போகவில்லை. நேற்றைய வேலைக்கு இதைவிட நல்ல சோதனை வேறில்லை, பள்ளம் மேட்டில் குலுங்கும்போதும் காற்று புகவில்லை.

பார்க்கர் ஊரைத் தாண்டி கொலராடோ ஆற்றை ஒட்டியே சாலை. பார்க்கர் அணை 1938இல் கட்டி முடித்தது. மொத்த உயரம் 320 அடி, அதில் 235 அடி ஆற்றுப் படுகைக்குக் கீழே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது நாலில் ஒரு பங்குதான். இங்கே பிறக்கும் மின்சாரத்தில் பாதியளவு, இதே ஏரித் தண்ணீரைத் தெற்குக் கலிபோர்னியாவுக்கு ஏற்றும் பம்புகளுக்கே போய்விடுகிறது.

ஹவாசுவில் லண்டன் பாலம். உண்மையான லண்டன் பாலமேதான். 1968இல் ராபர்ட் மெக்கலக் 24.6 லட்சம் டாலருக்கு வாங்கி, கல் கல்லாகக் கொண்டுவந்து மாட்டினார். 1971இல் திறப்பு விழா. மெக்கலக் மரம் அறுக்கும் இயந்திரங்கள் செய்தவர். படகு மோட்டார்களைச் சோதித்துப் பார்க்க இடம் தேடித்தான் இந்த ஏரிக்கரைக்கு வந்தார். சிறு என்ஜின்களில் சம்பாதித்த ஒருவர் பாலைவனத்தில் ஓர் ஊரையே எழுப்பியிருக்கிறார். எனக்கு இந்தப் பாலத்தைவிட அந்தச் செய்திதான் பிடித்திருந்தது.

இரவு மாநிலப் பூங்காவில், மின் இணைப்போடு. ஜெனரேட்டருக்கு ஓய்வு.

நான்காம் நாள், செவ்வாய். ஹவாசு – வில்லியம்ஸ். ஹவர் மீட்டர் 417.5

நாளெல்லாம் ஏற்றம். ஏரி மட்டத்திலிருந்து வில்லியம்ஸின் 6,700 அடிக்கு. இன்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், டீசல்.

டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் அதிகமானால் அது படிகமாகிக் குழம்பும், முதலில் அடைபடுவது ஃபில்டர்தான். குளிர்ப் பகுதிப் பெட்ரோல் பங்குகளில் குளிர்காலத்தில் அதற்கேற்ற டீசலைத்தான் விற்பார்கள், வெப்பமான சமவெளிப் பங்குகளில் அப்படி எதிர்பார்க்க முடியாது. அதனால் கீழே நிரப்பிக்கொண்டு மேலே போகாமல், டாங்கைக் குறைத்துக்கொண்டு மேலே வந்து வில்லியம்ஸில் நிரப்பினோம்.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. டாங்கினுள் ஜெனரேட்டரின் குழாய் அடி வரை போகாது. கால் டாங்க் அளவிலேயே நின்றுவிடும். ஜெனரேட்டர் எவ்வளவு ஓடினாலும் வண்டி வீடு திரும்ப டீசல் மிஞ்ச வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் இது தெரியாமல் கால் டாங்குக்குக் கீழே போய், ஜெனரேட்டர் காற்றை உறிஞ்சி நின்றதும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள், புதன். டுசயான், கைபாப் காடு. ஹவர் மீட்டர் 417.5

கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் இருக்கும் மேதர் முகாமில் 30 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமில்லை. பூங்கா வாசலுக்கு வெளியே, டுசயான் ஊர் அருகே, கைபாப் தேசியக் காட்டில், மண் சாலை ஓரம் இலவசமாகத் தங்கலாம். பைன் மரங்களுக்கு நடுவே இடம் பிடித்தோம்.

இங்கே ஜெனரேட்டர் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. தரையெல்லாம் காய்ந்த பைன் ஊசி. புகைக்குழாயிலிருந்து வரும் சூட்டுக்கே பற்றிக்கொள்ளும். சரளை உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, குழாய்க்குக் கீழே நன்றாகப் பெருக்கினோம். தேசியக் காடுகளில் தீப்பொறி தடுப்பான் இல்லாத சைலன்சர் வைத்து ஓட்டக் கூடாது. எங்களுடையதில் அது சைலன்சரோடேயே வருகிறது. தேங்கும் கரியை அவ்வப்போது வெளியேற்ற அதில் ஓர் அடைப்புத் திருகும் இருக்கிறது.

அடுத்து காற்றின் திசை. டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையைவிடக் குறைவு. குறைவு என்பதால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடுங்கள். படுக்கப் போகும்போது ஜெனரேட்டரை நிறுத்துங்கள். மோனாக்சைடு அலாரத்தின் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், புரட்டிப் பாருங்கள். நாங்கள் இந்த வண்டியை வாங்கியபோது இருந்த அலாரம் காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது, பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

மாலை மேதர் பாயிண்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தோம். விளிம்பில் பனி இன்னும் கரையவில்லை. மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் நின்றிருந்தோம்.

ஆறாம் நாள், வியாழன். கைபாப் காடு. ஹவர் மீட்டர் 418.6

விடியற்காலை வெளியே மைனஸ் 7. கேஸ் ஹீட்டரின் விசிறி ராத்திரியெல்லாம் ஓடியதில் பேட்டரி 12.1 வோல்ட்டுக்கு வந்திருந்தது. "என்னங்க, இந்தக் குளிர்ல ஸ்டார்ட் ஆகுமா?" என்றாள் மனைவி. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் பற்றும். குளிரில் அந்தச் சூடு போதாது என்பதால் க்ளோ பிளக்குகள் முதலில் சிலிண்டரைச் சூடாக்கும். அது முடியும் வரை பொறுமையாக விட வேண்டும். விட்டேன். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது, இரண்டு நிமிடத்தில் புகை அடங்கியது.

எட்டு கிலோவாட் ஜெனரேட்டர் இந்த உயரத்தில் எட்டு கிலோவாட் இல்லை. காற்று மெலிவதால் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்றரை சதவீதம் சக்தி குறையும். என் கணக்கில் இங்கே 6300 வாட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. கேட்டால் கறுப்புப் புகை வரும். டீசல் இருக்கிறது, எரிக்கக் காற்று போதவில்லை என்பதன் அடையாளம் அது.

ஆனால் இன்றைய சிக்கல் அதற்கு நேர்மாறானது. நேற்று மாலையும் இன்று காலையும் சேர்த்து மூன்று மணி நேரம், வெறும் பேட்டரி சார்ஜருக்காக மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். லோடு 700 வாட்டுக்குக் கீழே. நிறுத்திவிட்டுப் பார்த்தால் புகைக்குழாயின் வாயில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஈரம். இது ஆயில் ஒழுகல் இல்லை. லோடு குறைவாக இருந்தால் சிலிண்டர் போதிய அளவு சூடாகாது, டீசல் முழுதாக எரியாது, எரியாத மிச்சம் கரியோடு சேர்ந்து வழியும். நாளாக நாளாக டீசல் தெளிக்கும் நாசில், வால்வு, சைலன்சர் எல்லாவற்றிலும் படியும். டீசல் என்ஜினைச் சும்மா ஓடவிடுவது அதற்கு நாம் செய்யும் உதவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வேலை வேண்டும்.

மருந்தும் வேலைதான். இரண்டு மின்சார ஹீட்டர்களையும் வாட்டர் ஹீட்டரின் மின்சாரப் பக்கத்தையும் போட்டோம், சார்ஜரோடு சேர்த்து நாலு கிலோவாட்டுக்கும் மேல். முதல் பதினைந்து நிமிடம் நீலமும் கறுப்புமாகப் புகை வந்தது, நாற்றமும் கூட. அப்புறம் மெல்லத் தெளிந்து, ஒரு மணி நேரம் கழித்துக் குழாய்க்கு மேல் சூட்டின் அலை மட்டும்தான் தெரிந்தது. வாயை விரலால் தடவினால் ஈரமில்லை, உலர்ந்த கரி. வெந்நீர் நிறைய இருந்ததால் மூவரும் நன்றாகக் குளித்தோம். நிறுத்துவதற்கு முன் லோடையெல்லாம் அணைத்து மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிட்டேன், சூடு சீராக இறங்குவதற்கு.

அரை லோடில் மணிக்கு அரை கேலன், சுமார் இரண்டு லிட்டர் டீசல் செலவாகிறது. கூரை நிறையச் சோலார் வைத்துக்கொண்டு ஜெனரேட்டரைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கும் சோலார் வேண்டும், அடுத்த வருடம் போடப்போகிறேன். ஆனால் பைன் நிழலில், மைனஸ் ஏழில், மேகம் மூடிய காலையில் எங்களுக்கு வெந்நீர் கொடுத்தது இதுதான்.

ஏழாம் நாள், வெள்ளி. சாண்ட்லர். ஹவர் மீட்டர் 422.1

வீட்டுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் தட்டை இழுத்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தேன். கிளாம்ப் நான்கும் இறுக்கமாக இருந்தன. புதுக் குழாயில் எந்த உரசலும் இல்லை. ஆயில் அளவு மேல் கோட்டில் நிற்கிறது, இன்னும் கறுக்கவில்லை. கூலன்ட்டும் சரியாக இருக்கிறது. ரேடியேட்டர் இடுக்கில் க்வார்ட்ஸைட்டின் மண் அப்பியிருந்தது. அழுத்தமான தண்ணீர் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும் என்பதால் தூரிகையாலும் மெல்லிய காற்றாலும் சுத்தம் செய்தேன்.

வண்டி நாளை மறுபடி நிறுத்துமிடத்துக்குப் போகிறது. டாங்க் நிறைத்தாயிற்று, வெற்றிடம் இருந்தால் ஈரம் வியர்த்துத் தண்ணீராக அடியில் சேரும். மனைவி நோட்டில் ஒவ்வொரு மாதத்தின் முதல் சனிக்கிழமைக்கும் ஒரு வரி எழுதிவிட்டாள்: "இரண்டு மணி நேரம், அரை லோடு." ஏப்ரல் வரிக்குப் பக்கத்தில் மகள் தன் பெயரை எழுதியிருக்கிறாள். மீட்டரைப் பார்த்துச் சொல்வது அவள் வேலையாம்.